பிள்ளையோடு விமானம் ஏறும் முன்

வெளிநாட்டில் குடித்தனம் நடத்தும் மகள், பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்து இறங்குகிறாள். இரண்டு வாரங்கள் உறவினர் வீடுகளிலும் ஆராதனைகளிலும் கழிகின்றன. திரும்பிச் செல்லும் தேதி நெருங்கும்போதுதான், "நான் இனி அங்கே போகப்போவதில்லை; பிள்ளைகளும் இங்கேயே படிக்கட்டும்" என்ற பேச்சு வீட்டில் எழும்புகிறது. சில குடும்பங்களில் அந்தப் பேச்சை எடுப்பவன் மகனாயிருக்கிறான். மும்பையிலும் பெங்களூருவிலும் டில்லியிலும் குடியேறி, அங்கிருந்து பிள்ளைகளை அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பி வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இது கேள்விப்படாத காரியமன்று. அப்போது பெரியவர்கள் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான்: "நம் பிள்ளை நம்மிடம் இருக்கிறது. யார் வந்து கேட்பார்கள்?"

கேட்பதற்கு ஒரு நீதிமன்றம் இருக்கிறது. பல வேளைகளில் இரண்டு தேசங்களில் இரண்டு நீதிமன்றங்கள் கேட்கின்றன.

கணவன் மனைவிக்குள் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கை நாம் 'கஸ்டடி' வழக்கு என்கிறோம். அந்த வழக்கு நிலுவையில் இருக்கும்போது, அல்லது வரப்போகிறது என்று அறிந்தே, பிள்ளையை எல்லை தாண்டிக் கொண்டுபோவதால் உண்டாகும் சட்ட விளைவுகளை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது அவசியம். பிள்ளையை வெளிநாட்டிலிருந்து இங்கே கொண்டுவருவதும், இங்கிருந்து வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதும் இதில் அடங்கும்.

அங்கே குற்றம், இங்கே வழக்கு

நம் நாட்டில் தாயோ தகப்பனோ தன் சொந்தப் பிள்ளையைத் தூக்கிச் செல்வதைக் கடத்தல் என்று யாரும் எளிதில் சொல்லிவிடுவதில்லை. மேலைநாட்டுச் சட்டங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மத்தியச் சட்டத்தின்படி, மற்றப் பெற்றோரின் உரிமையைத் தடுக்கும் நோக்கத்தோடு 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோனால் 3 ஆண்டுகள் வரை சிறை. இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டின் குழந்தைக் கடத்தல் சட்டப்படி 7 ஆண்டுகள் வரை. கனடாவில் 10 ஆண்டுகள் வரை. சிங்கப்பூரில் நீதிமன்றத்தின் கஸ்டடி உத்தரவு இருக்கும்போது, மற்றவருடைய எழுத்துமூலமான சம்மதமோ நீதிமன்றத்தின் அனுமதியோ இல்லாமல் பிள்ளையை வெளியே கொண்டுசெல்லக் கூடாது. பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள உத்தரவு பெற்றவருக்கு மட்டும் ஒரு மாதத்துக்கு மேற்படாத பயணத்துக்கு விலக்கு உண்டு.

இதில் நம்மவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு நுட்பம் இருக்கிறது. பிள்ளையைச் சம்மதத்தோடு அழைத்து வந்திருக்கலாம். போக வர டிக்கெட்டைக் கணவனே எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனாலும், ஒப்புக்கொண்ட தேதியில் பிள்ளையைத் திருப்பி அனுப்பாமல் நிறுத்திக்கொண்டால், அந்த நாளிலிருந்து அது சட்டவிரோதமான நிறுத்திவைப்பாகக் கருதப்படுகிறது. விடுமுறை முடிந்த மறுநாளே காரியத்தின் முகம் மாறிவிடுகிறது.

அதன்பின் நடப்பவை ஏறக்குறைய ஒரே வரிசையில் நடக்கின்றன. அங்கே இருப்பவர் அந்நாட்டு நீதிமன்றத்துக்குப் போகிறார். இங்கே இருப்பவர் ஆஜராவதில்லை. எனவே அவர் பேச்சைக் கேளாமலே கஸ்டடி உத்தரவு பிறக்கிறது. சில வேளைகளில் பிடிவாரண்டும் பிறக்கிறது. அந்த வாரண்ட் நிலுவையில் இருக்கும் வரையில் அந்நாட்டு விமான நிலையத்தில் கால்வைப்பது ஆபத்து. அங்கே இருந்த வேலை, வீடு, குடியுரிமை பெறும் வழி எல்லாம் அந்த ஒரு காகிதத்தால் அடைபட்டுப் போகின்றன. கையில் அந்த உத்தரவோடு மற்றவர் இந்தியாவுக்கு வந்து உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்கிறார். பிள்ளை தாத்தா பாட்டியின் வீட்டில் இருக்கிறபடியால், எழுபது வயதைத் தாண்டிய அவர்களும் அந்த மனுவில் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கப்படுவது வழக்கம். ஆயுளில் ஒருமுறைகூடக் காவல் நிலையத்துப் படியேறாதவர்கள், பேரனையோ பேத்தியையோ கையில் பிடித்துக்கொண்டு நீதிபதிகளுக்கு முன்பாக நிற்க வேண்டியதாகிறது.

இந்தியா கையெழுத்திடாத உடன்படிக்கை

1980 அக்டோபர் 25 அன்று ஹேக் நகரில் இயற்றப்பட்டு 1983 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை ஒன்று உண்டு. ஒரு பெற்றோரால் எல்லை தாண்டிக் கொண்டுபோகப்பட்ட 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை, அது வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கே விரைவில் திருப்பி அனுப்ப வேண்டும். கஸ்டடியை அந்நாட்டு நீதிமன்றம் தீர்மானிக்கட்டும் என்பது அதன் சாரம். ஓராண்டுக்குள் வழக்குத் தொடரப்பட்டால் திருப்பி அனுப்புவதே பொதுவிதி. அனுப்பினால் பிள்ளைக்குக் கடுமையான தீங்கு நேரும் என்று நிரூபித்தால் மறுக்க இடமுண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் சேர்ந்திருக்கின்றன. இலங்கை 2001லும் சிங்கப்பூர் 2011லும் ஜப்பான் 2014லும் இதற்குள் வந்தன.

இந்தியா சேரவில்லை. சேர வேண்டுமென்று 2009இல் சட்ட ஆணையம் தன் 218ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2016இல் ஒரு மசோதா வரைவும் வெளியானது. வெளிநாட்டில் கணவனின் கொடுமைக்குத் தப்பிப் பிள்ளையோடு ஓடிவரும் இந்தியப் பெண்களை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் சட்டமாக இது ஆகிவிடும் என்று பலத்த எதிர்ப்பு எழுந்தது. அந்த அச்சம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் இதை வைத்துக்கொண்டு, "இந்தியாவுக்கு வந்துவிட்டால் யாரும் தொட முடியாது" என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்களே, அது நம் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளை வாசிக்காதவர்களின் பேச்சு.

1986இல் தீர்க்கப்பட்ட வழக்கில், வாரக் கடைசியில் மகனைப் பார்த்துக்கொள்ள அமெரிக்க நீதிமன்றம் அளித்திருந்த உரிமையைப் பயன்படுத்தி ஒரு தகப்பன் பிள்ளையை இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டார். தாய் தேடி வந்தார். தவறு செய்தவர் அத்தவறினாலேயே ஆதாயம் அடையக் கூடாது என்று கண்ட உச்ச நீதிமன்றம், பிள்ளையைத் தாயோடு அனுப்பியது.

2009 நவம்பரில் தீர்க்கப்பட்ட மற்றொரு வழக்கு நமக்கு இன்னும் அருகானது. நியூயார்க் நீதிமன்றத்தின் உத்தரவு இருக்கையில் ஒரு தாய் தன் மகனோடு 2007இல் சென்னைக்கு வந்தார். அதற்குப் பின் அவர்கள் இருக்கும் இடம் தெரியவில்லை. உச்ச நீதிமன்றமே நோட்டீஸ் அனுப்பியும் பயனில்லாமல், கடைசியில் சி.பி.ஐ.யிடம் தேடும்படி சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் சென்னையில் கண்டுபிடித்தார்கள். பிள்ளை இந்தியாவில் வேர்விட்டுவிட்டது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்த பிள்ளை எங்கே வேர்விட்டிருக்க முடியும்? அமெரிக்காவுக்குத் திரும்ப அனுப்பும்படியே உத்தரவாயிற்று.

ஹைதராபாத் சம்பந்தப்பட்ட 2019ஆம் ஆண்டின் தீர்ப்பிலும் இதே முடிவு. அங்கே தாய் தானே அமெரிக்க நீதிமன்றத்தில் கஸ்டடி கேட்டு வழக்குத் தொடர்ந்தவர். குடும்பத்தில் நேர்ந்த மரணத்துக்காகப் பிள்ளைகளோடு வந்து, திரும்பிப் போகாமல் இங்கே இன்னொரு வழக்குப் போட்டார். தான் கதவைத் தட்டிய நீதிமன்றத்தை விட்டுவிட்டு வேறொரு நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவது அவருக்கு உதவவில்லை. 2022 ஜூலையில் பெங்களூரு வழக்கொன்றில், கொரோனா தொடங்கிய 2020 மார்ச்சில் இங்கே கொண்டுவரப்பட்ட சிறுவன் இங்கேயே இருக்க விரும்புவதாகச் சொன்னான். பிள்ளையின் விருப்பம் என்பது ஒன்று, பிள்ளையின் நலன் என்பது வேறொன்று என்று பிரித்துக் காட்டிய உச்ச நீதிமன்றம், அவனை அமெரிக்காவுக்கு அனுப்பும்படி கூறியது.

எல்லாத் தீர்ப்புகளும் ஒரே பக்கம் சாய்ந்தவை அல்ல. கைக்குழந்தையாகத் தாயோடு இந்தியாவுக்கு வந்த ஒரு மகன், வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்த 1997இல் பன்னிரண்டு வயதைத் தாண்டியிருந்தான். அவனைப் பிடுங்கி அனுப்ப நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2015இல் கோயம்புத்தூரைச் சார்ந்த வழக்கில், இங்கிலாந்து நீதிமன்றம் முதலில் உத்தரவிட்டபடியால் அதற்கு மதிப்பளித்து இரண்டு பெண்பிள்ளைகளை அங்கே அனுப்பச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் அணுகுமுறையை, 2017 ஜூலையில் மூன்று நீதிபதிகள் கொண்ட பெரிய அமர்வு ஏற்கவில்லை. எந்த நாட்டு நீதிமன்றம் முந்தியது என்பதைவிடப் பிள்ளையின் நலனே மேலானது. வெளிநாட்டு உத்தரவு கவனிக்க வேண்டிய காரியங்களுள் ஒன்று மட்டுமே என்று அந்த அமர்வு சொன்னது. இருதயக் கோளாறு உடைய அந்தச் சிறுமி தாயோடு டில்லியிலேயே இருந்தாள். இந்த 2017ஆம் ஆண்டின் தீர்ப்பையே இன்றும் நீதிமன்றங்கள் பின்பற்றுகின்றன. ஆனால் மேலே சொன்ன 2019, 2022ஆம் ஆண்டுகளின் தீர்ப்புகள் அதற்குப் பின் வந்தவை என்பதைக் கவனியுங்கள். பிள்ளையின் நலன் என்ற அதே அளவுகோலை வைத்துத்தான் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஆகவே பிள்ளையோடு வந்து இறங்கும் ஒருவருக்கு, "உங்கள் பக்கம் தீர்ப்பாகும்" என்று எந்த வக்கீலும் உறுதி சொல்ல முடியாது. சொல்லுகிறவரிடம் எச்சரிக்கையாயிருங்கள்.

இங்கிருந்து வெளியே கொண்டுபோனால்

கிறிஸ்தவக் குடும்பங்களில் விவாகரத்து வழக்கின்போது பிள்ளைகளின் பொறுப்பைக் குறித்து உத்தரவிட, 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தின் 41 முதலான பிரிவுகள் நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கின்றன. விவாகரத்து இல்லாமல் கஸ்டடியை மட்டும் கேட்க, எல்லா மதத்தாருக்கும் பொதுவான 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் இருக்கிறது. அந்தப் பழைய சட்டத்தின் 26ஆவது பிரிவின்படி, நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர் அனுமதியின்றிப் பிள்ளையை அந்த நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. நீதிமன்றத்தின் கைக்கு எட்டாமல் செய்யும் நோக்கத்தோடு அப்படிக் கொண்டுபோனால், 44ஆவது பிரிவு ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிவில் சிறையோ விதிக்கிறது. 1890இல் ஆயிரம் ரூபாய் ஒரு பெருந்தொகை. இன்று ஒரு மாத மின்கட்டணம். உண்மையான அடி நீதிமன்ற அவமதிப்பு என்ற பாதையில் வருகிறது.

ஒரு வழக்கில், கணவனும் மனைவியும் சமரசமாகி, பிள்ளை இந்தியாவில் தாயோடு படிப்பான், ஆண்டுதோறும் ஜூன் மாதம் மட்டும் தகப்பனோடு வெளிநாடு சென்று வருவான் என்று ஒப்புக்கொண்டார்கள். 2022 ஜூனில் அழைத்துச் சென்ற தகப்பன் ஜூலையில் பிள்ளையைத் திருப்பி அனுப்பவில்லை. 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஆறு மாதச் சிறையும் 25 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. இன்னொரு வழக்கில், மகனைக் கென்யாவுக்கு அழைத்துச் செல்ல ஒரு தகப்பன் உச்ச நீதிமன்றத்தின் அனுமதியையே பெற்றார். இந்திய நீதிமன்றம் இட்ட நிபந்தனைகளை அந்நாட்டு நீதிமன்றமும் தன் உத்தரவாக இட வேண்டும் என்பது அனுமதியின் அடிப்படை. இதைக் கண்ணாடி ஆணை என்பார்கள். அவர் காட்டிய கண்ணாடி ஆணை போலியானது என்று பின்னர் தெரியவந்தது. 2021 அக்டோபரில் நீதிமன்றம் தன் அனுமதியைத் திரும்பப் பெற்றது; 2022 நவம்பரில் அவருக்கு ஓராண்டுச் சிறை விதித்தது. 2025 ஜூலையில், உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போதே வெளிநாட்டவரான ஒரு தாய் சிறு மகனோடு காணாமற்போனார். அவர் நேபாளம் வழியாக வெளியேறித் தன் தேசத்துக்குப் போய்விட்டதாக மத்திய அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். தண்டனை விதிப்பது வேறு, பிள்ளையைக் கொண்டுவருவது வேறு. கடல் கடந்து போன பிள்ளையை இந்திய நீதிமன்றம் கைநீட்டி எடுத்துவர முடியாது. ஹேக் உடன்படிக்கையில் நாம் இல்லாதபடியால் அந்நாட்டு அரசு உதவும் கடமையும் இல்லை. ஆகவே சட்டத்தின் பலமெல்லாம் பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன்புதான்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 137ஆவது பிரிவு ஆட்கடத்தலுக்கு 7 ஆண்டுகள் வரை சிறை என்கிறது. ஆனால் நீதிமன்றத் தடை எதுவும் இல்லாத நிலையில், இயற்கைப் பாதுகாவலரான தகப்பன் தன் பிள்ளையைக் கொண்டுபோனதைக் கடத்தலென்று கொள்ள முடியாதென 2023இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு கூறியிருக்கிறது. இதனாலேயே காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது போதாது. பிள்ளை வெளியே கொண்டுபோகப்படும் என்ற நியாயமான சந்தேகம் இருந்தால், குடும்ப நல நீதிமன்றத்தில் அன்றைக்கே இடைக்காலத் தடை கேட்க வேண்டும். பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்கவும், விமான நிலையங்களுக்கு லுக் அவுட் நோட்டீஸ் அனுப்பவும் நீதிமன்றம் உத்தரவிட முடியும். சிறுபிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவம் உண்டு. ஒருவர் மட்டும் கையெழுத்திட்டுக் காரணம் கூறும் படிவமும் உண்டு. இந்த இரண்டாவது படிவத்தில் வழக்கை மறைத்துப் பொய் எழுதுகிறவர் வேறொரு குற்றத்தையும் சேர்த்துக்கொள்கிறார். வழக்கு இருப்பதைப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவிப்பது நல்லது.

கேட்டுச் சென்ற ஒரு தாய்

வெளிநாட்டில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது, பிள்ளையையும் அழைத்துப் போக வேண்டும், மற்றவரோ ஒப்புக்கொள்ளவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு வழி இல்லையா? 2010 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று இதற்கு விடை. பரஸ்பர சம்மதத்தோடு விவாகரத்துப் பெற்ற ஒரு தாய்க்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்தது. அவர் இரவோடிரவாகப் புறப்படவில்லை. மகனை அழைத்துச் செல்ல அனுமதி கேட்டு நீதிமன்றத்துக்கு வந்தார். தகப்பன் உச்ச நீதிமன்றம் வரை எதிர்த்தார். கஸ்டடி உத்தரவுகள் கல்லில் பொறிக்கப்பட்டவை அல்ல, பிள்ளையின் நலனுக்காக மாற்றத்தக்கவை என்று கண்ட நீதிமன்றம், தாயின் முன்னேற்றத்தைத் தடுக்க முடியாது என்று அனுமதி கொடுத்தது. மகன் இந்தியாவுக்கு வரும் நாட்களில் தகப்பனோடு இருக்கவும் வழி செய்தது.

அந்தத் தாய்க்கும் சென்னையில் ஒளிந்திருந்த தாய்க்கும் பிள்ளைப் பாசத்தில் வித்தியாசம் இருந்திராது. ஒருவர் முதலில் கேட்டார் என்பதே வேறுபாடு. இப்படிக் கேட்கிறவர்களிடம் நீதிமன்றம் சில உறுதிகளை எதிர்பார்க்கும்: அங்கே பிள்ளை படிக்கப்போகும் பள்ளியின் விவரம், வசிக்கும் முகவரி, வாரந்தோறும் மற்றப் பெற்றோரோடு காணொளியில் பேசும் நேரம், விடுமுறைக்குக் கொண்டுவரும் வாக்குறுதி, சில வழக்குகளில் பிணைத்தொகையும் கண்ணாடி ஆணையும். இவற்றை முன்கூட்டியே மனுவில் எழுதிக் கொடுப்பவர் பாதி வழக்கை வென்றவர்.

கொடுமைக்குள்ளான சகோதரிகளுக்கு

அடியும் உதையும் தாங்காமல் பிள்ளையோடு ஓடிவரும் பெண்ணிடம் சட்டப் பிரிவுகளைப் பேசுவது இரக்கமற்றதாகத் தோன்றலாம். உயிருக்கு ஆபத்தானால் வீட்டைவிட்டு வெளியேறத்தான் வேண்டும். அதில் இரண்டாம் யோசனை வேண்டாம். ஆனால் வீட்டைவிட்டு வெளியேறுவதும் நாட்டைவிட்டு வெளியேறுவதும் ஒன்றல்ல. முதலில் அந்த ஊர்ப் போலீசுக்குத் தெரிவியுங்கள். மருத்துவரிடம் காயங்களைப் பதிவு செய்யுங்கள். பெண்களுக்கான புகலிடங்கள் அங்கே உண்டு. இந்தியத் தூதரகங்களில் துன்பத்திலுள்ள இந்தியர்களுக்கான நலநிதி இருக்கிறது. வெளிநாட்டில் கைவிடப்பட்ட மனைவிகளின் சட்டச் செலவுக்கும் அதிலிருந்து உதவுகிறார்கள். டில்லியிலுள்ள தேசிய மகளிர் ஆணையம் வெளிநாட்டு வாழ் கணவர்களைப் பற்றிய புகார்களுக்கென்று தனிப்பிரிவு வைத்திருக்கிறது. அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டுச் சட்டமே, குடும்ப வன்முறைக்குத் தப்பி ஓடியவர் அதை எதிர்வாதமாக வைக்க இடம் தருகிறது. ஆனால் அதற்குச் சாட்சியம் வேண்டும். அங்கே ஒரு புகார்கூட இல்லாமல், இங்கே வந்தபின் முதன்முறையாகக் கொடுமையைச் சொல்லும்போது, அது உண்மையாகவே இருந்தாலும் நீதிபதிகள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

சபையின் மூப்பர்களும் போதகர்களும் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு நடுவில் நிற்க வேண்டிவருகிறது. சமரசம் பேசுவது நல்லதே. ஆனால் வாய்ப்பேச்சில் முடிந்த சமரசம் நீதிமன்றத்தில் நிற்பதில்லை. யார், எந்தத் தேதி வரைக்கும், எந்த ஊருக்குப் பிள்ளையை அழைத்துச் செல்கிறார்கள் என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும்; வழக்கு இருந்தால் அதை நீதிமன்றத்திலேயே பதிவு செய்ய வேண்டும். பிள்ளையை மறைத்து வைக்கச் சபையார் வீடுகளைத் திறந்துகொடுப்பது அன்பின் செயலாகத் தோன்றினாலும், திறந்துகொடுத்தவரும் பதில் சொல்ல வேண்டிவரும்.

செலவுக்குப் பயந்து வக்கீலிடம் போகாதவர்களுக்கு ஒரு செய்தி. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச வக்கீல் கிடைப்பார். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் அந்த ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது திருமணச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, பாஸ்போர்ட்டின் நகல், விமான டிக்கெட், வெளிநாட்டு நீதிமன்றத்திலிருந்து வந்த காகிதம் ஏதேனும் இருந்தால் அது, பயணத்தைப் பற்றி இருவரும் பரிமாறிக்கொண்ட மின்னஞ்சல்கள் ஆகியவற்றை ஒன்றையும் அழிக்காமல் எடுத்துச் செல்லுங்கள். திரும்பும் தேதியைக் குறித்து நீங்கள் ஒப்புக்கொண்ட செய்தி அவற்றில் இருந்தால், அதை உங்கள் வக்கீலிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள். எதிர்த்தரப்பிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.